போருக்கு அனுப்பும் அதிகாரம் யார் கையில்? அமெரிக்காவின் அறுபது நாள் சட்டம் பற்றி ஒரு விவாதம்

கேள்வி (2023 மார்ச் 31)

ஈராக் மீது படையெடுக்க 2002-இல் அளித்த அனுமதியை ரத்து செய்யலாம் என்று அமெரிக்க செனட் 66-க்கு 30 என்ற கணக்கில் வாக்களித்திருப்பதாகச் செய்தியில் படித்தேன். போர் அறிவிக்கும் அதிகாரம், செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு அவைகள் கொண்ட நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான் உண்டு என்று அந்நாட்டு அரசியலமைப்பு சொல்கிறது. நடைமுறையில் அதிபர் நினைத்தால் குண்டு போடுகிறார், நினைத்தால் நிறுத்துகிறார். சதாம் ஹுசைனே இல்லாத இந்தக் காலத்தில் பழைய அனுமதியை ரத்து செய்து என்ன ஆகப்போகிறது? இந்தச் சட்டங்களெல்லாம் ஒப்புக்குத்தானே?

2023 ஏப்ரல் 1

ஒப்புக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பல ஆண்டுகளாக இதைப் படித்துவருகிறேன், தெரிந்ததை எழுதுகிறேன்.

1787 ஆகஸ்ட் 17 அன்று பிலடெல்பியாவில் அரசியலமைப்பு வரைவு விவாதத்துக்கு வந்தபோது, காங்கிரஸ் போரை 'நடத்தும்' என்று இருந்த சொல்லைப் போரை 'அறிவிக்கும்' என்று மாற்ற வேண்டும் என அதை வகுத்த உறுப்பினர்களான மாடிசனும் ஜெர்ரியும் முன்மொழிந்தார்கள். திடீரென்று எதிரி தாக்கினால் தடுத்து நிற்க அதிபருக்குக் கை இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. தொடங்கும் உரிமை சபைக்கும் தொடங்கியதை நடத்தும் பொறுப்பு தலைமைத் தளபதியான அதிபருக்கும் என்று பிரித்துவைத்தார்கள். அமெரிக்கா முறைப்படி அறிவித்த போர்கள் ஐந்துதான். கடைசி அறிவிப்பு 1942 ஜூனில் வந்தது. 1950-இல் கொரியாவுக்கு அதிபர் ட்ரூமன் காங்கிரஸைக் கேட்காமலே படை அனுப்பினார். காவல் நடவடிக்கை என்று அதற்குப் பெயர் சொல்லப்பட்டது. அதில் 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

வியட்நாமுக்குப் பிறகு, 1973-இல் போர் அதிகாரத் தீர்மானம் வந்தது. படைகளைச் சண்டையில் இறக்கினால் அதிபர் 48 மணி நேரத்துக்குள் காங்கிரஸுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காங்கிரஸ் ஒப்புதல் தராவிட்டால் 60 நாளில் படை திரும்ப வேண்டும். பாதுகாப்பாகத் திரும்புவதற்கு இன்னும் 30 நாள் உண்டு. அதிபர் நிக்ஸன் கையெழுத்திட மறுத்துத் தடுப்பாணை (வீட்டோ) போட்டார். நவம்பர் 7 அன்று பிரதிநிதிகள் சபை 284-க்கு 135, செனட் 75-க்கு 18 என்று அதை முறியடித்துச் சட்டமாக்கின. என் கருத்தில் சட்டம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை மதிக்காத அதிபர்களே கோளாறு.

2023 ஏப்ரல் 2

என் நேற்றைய குறிப்புக்கு இரண்டு திருத்தங்கள். போர்கள் ஐந்துதான், ஆனால் ஒரே போரில் பல நாடுகளுக்கு எதிராகத் தனித்தனியே அறிவித்ததால் பிரகடனங்கள் மொத்தம் 11. அடுத்தது இன்னும் முக்கியம்: 60 நாள் கணக்கு முதல் குண்டு விழுந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை. அதிபர் தகவல் கொடுத்த நாள், அல்லது கொடுத்திருக்க வேண்டிய நாள், இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ணப்படும்.

2023 ஏப்ரல் 4

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று கேட்டிருந்தார்கள். வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

1964 ஆகஸ்ட் 2 அன்று மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாமியப் படகுகள் தாக்கின. அது நடந்தது உண்மை. ஆகஸ்ட் 4 இரவில் இரண்டாவது தாக்குதல் நடந்ததாகச் செய்தி போனது. இருட்டு, மோசமான வானிலை, ரேடாரில் தெரிந்த புள்ளிகள், கடலடி ஒலிக்கருவியில் கேட்ட இரைச்சல் இவையே அதற்கு ஆதாரம். வானிலையும் கருவியாளர்களின் பதற்றமும் பல தகவல்களுக்குக் காரணமாக இருக்கலாம், முழுதாக ஆராயாமல் எதுவும் செய்ய வேண்டாம் என்று அங்கிருந்த தளபதியே அன்றைக்கே செய்தி அனுப்பினார். பொறுத்திருந்து பார்க்க வாஷிங்டனில் யாருக்கும் நேரமில்லை. மூன்றாம் நாள், ஆகஸ்ட் 7 அன்று, தென்கிழக்கு ஆசியாவில் தேவையான எல்லா நடவடிக்கையையும் அதிபர் ஜான்சன் எடுக்கலாம் என்ற தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் ஓர் எதிர்ப்பு வாக்குக்கூட இல்லாமல் நிறைவேறியது. செனட்டில் எதிர்த்தவர்கள் இருவர்: ஓரிகனின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூயனிங். 1968 தேர்தலில் இருவருமே பதவி இழந்தார்கள். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதை அமெரிக்க உளவு அமைப்பின் சொந்த வரலாற்று ஆய்வே பின்னர் ஒப்புக்கொண்டது; அந்த ஆவணம் 2005-இல் வெளியானது.

இதை எழுதும்போதே என் முதல் குறிப்பு உறுத்துகிறது. அங்கே அதிபர்களைக் குறை சொன்னேன். இங்கே காங்கிரஸ் வாக்களித்திருக்கிறதே. அவர்கள் கையைப் பிடித்துத் தூக்கியவர் யாருமில்லை.

2023 ஏப்ரல் 5

"அதிபர் கேட்காவிட்டால் இரு அவைகளும் ஒரு தீர்மானம் போட்டுப் படையைத் திருப்பி அழைக்கலாமே, அதற்கு அதிபரின் கையெழுத்து தேவையில்லையே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1973 சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆனால் 1983-இல், ஒரு மாணவரை நாடு கடத்துவது பற்றிய வழக்கில், அதிபரின் மேசைக்குப் போகாத எந்தத் தீர்மானத்துக்கும் சட்ட வலு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதா என்பவரின் வழக்கு அது. போருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் போர் அதிகாரச் சட்டத்தின் முதுகெலும்பு அன்றைக்கு முறிந்தது.

இதன் விளைவை எண்ணாகப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். போரைத் தொடங்க இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. இப்போது அதிபர் தானாகத் தொடங்கிவிட்டால், நிறுத்துவதற்குத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதற்கு அவர் தடுப்பாணை போடுவார். அதை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதாவது செனட்டின் 100 பேரில் 34 பேர் அதிபர் பக்கம் நின்றால் போர் தொடரும். தொடங்க 51 பேர் தேவைப்பட்ட இடத்தில் தொடர 34 பேர் போதும் என்று தராசு சாய்ந்துவிட்டது.

ஏமனில் இது நடந்தது. அங்கே போரிட்ட சவுதி கூட்டணிக்கு அமெரிக்கா செய்த உதவியை நிறுத்தும் தீர்மானம் 2019-இல் செனட்டில் 54-க்கு 46, பிரதிநிதிகள் சபையில் 247-க்கு 175 என்று நிறைவேறியது. 1973 சட்டத்தின் வழியில், நடவடிக்கையை நிறுத்தச் சொல்லி இரு அவைகளையும் கடந்து அதிபர் மேசைவரை போன முதல் தீர்மானம் அது. ஏப்ரல் 16 அன்று ட்ரம்ப் தடுப்பாணை போட்டார். மே 2 அன்று செனட்டில் முறியடிக்க முயன்றபோது கிடைத்தவை 53-க்கு 45. பெரும்பான்மை இருந்தும் தோற்றது.

2023 ஏப்ரல் 8

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச் சுவரை 2016-இல் பார்த்தேன். தங்கை வர்ஜீனியாவில் இருந்த காலம் அது. கறுப்புக் கருங்கல் பலகைகளில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். அகர வரிசையும் கிடையாது, பதவி வரிசையும் கிடையாது. விழுந்த நாளின் வரிசை. நடுவில் இரண்டு சிறகுகள் சேரும் இடத்தில் வலப்புறப் பலகையின் உச்சியில் தொடங்கி, வலது கோடிவரை போய், பிறகு இடது கோடியிலிருந்து மறுபடி தொடர்ந்து அதே நடு இடத்துக்கு வந்து முடிகிறது. முதல் பெயரும் கடைசிப் பெயரும் அடுத்தடுத்த பலகைகளில் இருக்கின்றன. கல் கண்ணாடிபோல் மின்னுவதால், பெயரைப் படிக்கக் குனிந்தால் நம் முகம் எழுத்துகளுக்குப் பின்னால் தெரிகிறது.

கடைசிப் பெயர்கள் 1975 மே மாதத்தவை. சைகோன் வீழ்ந்து இரண்டு வாரம் கழித்து, மாயாகெஸ் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைக் கம்போடியாவின் கெமர் ரூஜ் படை பிடித்தது. கப்பல் பணியாளர்களை மீட்க அதிபர் ஃபோர்டு கோ டாங் தீவில் மரைன் படை வீரர்களை இறக்கினார். பணியாளர்கள் அந்தத் தீவிலேயே இல்லை. தீவில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே கெமர் ரூஜ் அவர்களை ஒரு படகில் ஏற்றி விடுவித்துவிட்டது. தாய்லாந்தில் விழுந்த ஹெலிகாப்டரில் இறந்தவர்களையும் சேர்த்து 41 அமெரிக்கர்கள் மாண்டார்கள்.

அங்கே நின்றபோது எனக்குத் தெரியாத ஒன்றைப் பின்னர்தான் படித்தேன். அறுபது நாள் கணக்கைத் தொடங்கிவைக்கும் குறிப்பிட்ட பிரிவைச் சுட்டி எந்த அதிபராவது காங்கிரஸுக்குத் தகவல் கொடுத்திருக்கிறாரா என்று தேடினால், இத்தனை ஆண்டுகளில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கிறது. மாயாகெஸ் பற்றி ஃபோர்டு அனுப்பிய கடிதம் அது. அது போய்ச் சேர்ந்தபோது சண்டையே முடிந்திருந்தது. நிறுத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை. மற்ற கடிதங்களில் பெரும்பாலானவை "சட்டத்துக்கு இசைவாக" என்று மட்டும் சொல்லி, எந்தப் பிரிவின் கீழ் என்பதை விட்டுவிடுகின்றன. அந்தச் சட்டம் ஒருமுறை முழுதாகப் பயன்பட்ட நிகழ்வும் அந்தச் சுவரின் கடைசி வரிகளும் ஒன்றே என்பது இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

2023 ஏப்ரல் 9

"ஏவுகணைக் காலத்தில் சபையைக் கூட்டி விவாதிக்க நேரம் எங்கே இருக்கிறது?" நியாயமான கேள்வி. ஆனால் அமெரிக்க மண்ணோ அமெரிக்கப் படையோ தாக்கப்பட்டால் அதிபர் உடனே செயல்படலாம் என்று 1973 சட்டமே சொல்கிறது. நாம் பேசுவது அப்படிப்பட்ட போர்களைப் பற்றி அல்ல. குவைத்தைப் பிடித்த ஈராக்குக்கு எதிரான போரில், 1990 ஆகஸ்டில் படை சவுதிக்குப் போய், 1991 ஜனவரி 12-இல் வாக்கெடுப்பு நடந்தது. செனட்டில் 52-க்கு 47. ஈராக்குக்கு எதிரான இரண்டாவது போருக்கு அனுமதி 2002 அக்டோபரில்; படையெடுப்பு 2003 மார்ச்சில். நேரம் மாதக்கணக்கில் இருந்தது.

2023 ஏப்ரல் 12

லிபியாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். ஒரு சட்டத்தைச் சொல்லால் எப்படிக் கரைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

2011 மார்ச் 19 அன்று குண்டுவீச்சு தொடங்கியது. மார்ச் 21 அன்று ஒபாமா கடிதம் கொடுத்தார். மே 20-உடன் 60 நாள் முடிந்தது. படை திரும்பவில்லை, ஒப்புதலும் கிடைக்கவில்லை. காங்கிரஸ் கேட்டபோது நிர்வாகம் தந்த விளக்கம் இதுதான்: அமெரிக்கத் தரைப்படை அங்கே இல்லை, நம் வீரர்களை நோக்கி யாரும் தொடர்ந்து சுடவில்லை, சண்டை பெரிதாகும் அபாயம் குறைவு, ஆகவே சட்டம் சொல்லும் பொருளில் இது 'பகைச் செயல்' ஆகாது. வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஹரால்டு கோ செனட் குழுவின் முன் அமர்ந்து இதை வாதிட்டார். பல்லாண்டுகளாக அதிபரின் போர் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்று எழுதிவந்த பேராசிரியர் அவர். ஆளில்லா விமானங்கள் ஏவுகணை வீசிக்கொண்டிருக்கும்போது அது பகைச் செயல் இல்லை என்றால், குண்டு விழும் ஊரில் இருப்பவனுக்கு அதன் பெயர் என்ன? உடனடி ஆபத்து இல்லாதபோது அதிபர் தன்னிச்சையாகத் தாக்குதலுக்கு உத்தரவிட முடியாது என்று 2007-இல் வேட்பாளராக இருந்தபோது சொன்னவர் இதே ஒபாமா. 2008-இல் அந்தப் பேச்சை நம்பி மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இந்த இடத்தில் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது.

ஆனால் ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபை என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு வாக்கெடுப்புகள். லிபியா நடவடிக்கைக்கு அனுமதி தரலாமா? 295-க்கு 123 என்று மறுத்தார்கள். அப்படியானால் பணத்தைக் கட்டுப்படுத்தலாமா? 238-க்கு 180 என்று அதையும் மறுத்தார்கள். அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. நன்றாக முடிந்தால் நாங்கள் தடுக்கவில்லை என்று சொல்லலாம்; கெட்டுப்போனால் நாங்கள் அனுமதிக்கவில்லை என்று சொல்லலாம்.

2023 ஏப்ரல் 13

நீதிமன்றம் எங்கே போனது என்கிறார்கள். ஒரு காலத்தில் இருந்தது.

பிரான்சுடன் கடல்மோதல் நடந்த காலத்தில், பிரெஞ்சுத் துறைமுகங்களுக்குப் போகும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்று காங்கிரஸ் 1799-இல் சட்டம் இயற்றியது. அங்கிருந்து வரும் கப்பல்களையும் பிடிக்கலாம் என்று அதிபர் ஆடம்ஸின் அரசு உத்தரவு போட்டது. அதை நம்பி, திரும்பி வந்துகொண்டிருந்த ஒரு கப்பலைக் கேப்டன் லிட்டில் பிடித்தார். 1804-இல் தலைமை நீதிபதி மார்ஷல், காங்கிரஸ் போட்ட கோட்டைத் தாண்டும் உத்தரவு செல்லாது என்று தீர்ப்பளித்தார். மேலிடத்து உத்தரவைப் பின்பற்றிய கேப்டனே நஷ்ட ஈடு கட்ட வேண்டியிருந்தது. போகும் கப்பலா, வரும் கப்பலா என்ற அளவுக்குச் சட்டத்தின் சொல்லை எடைபோட்ட நீதிமன்றம் அது.

1973 கோடையில் நிலை வேறு. கம்போடியக் குண்டுவீச்சு சட்டவிரோதம் என்று புரூக்ளினைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது. விடுமுறையில் மலைப்பகுதியில் இருந்த உச்ச நீதிமன்ற நீதிபதி டக்ளஸ், ஆகஸ்ட் 4 அன்று, குண்டுவீச்சை நிறுத்த வழிசெய்து உத்தரவிட்டார். இது தூக்குத் தண்டனை வழக்கைப் போன்றது, தாமதித்தால் யாரோ சாவார்கள் என்பது அவர் எழுதியதன் சாரம். மற்ற எட்டு நீதிபதிகளும் அன்றைக்கே அதை மாற்றிவிட்டார்கள். அடுத்த சில நாளில் நேயாக் லுவோங் என்ற ஊர்மீது அமெரிக்க விமானம் தவறுதலாகக் குண்டு வீசியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குண்டுவீச்சு நின்றது ஆகஸ்ட் 15 அன்று. காங்கிரஸ் பணத்தை நிறுத்தியதால் நின்றது.

2023 ஏப்ரல் 16

2001 செப்டம்பர் 14-இல் நிறைவேறிய அனுமதியின் உயிர்ப்பகுதி ஆங்கிலத்தில் வெறும் 60 சொற்கள். செப்டம்பர் 11 தாக்குதலைச் செய்தவர்கள், அவர்களுக்கு உதவியவர்கள், அடைக்கலம் தந்தவர்கள் என்று அதிபர் 'தீர்மானிக்கும்' நாடுகள், அமைப்புகள், ஆட்கள் எல்லோர்மீதும் படையைப் பயன்படுத்தலாம். எல்லாம் அந்தத் 'தீர்மானிக்கும்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. காலக்கெடு கிடையாது, நாட்டின் பெயர் கிடையாது. அன்று அந்தப் பெயரிலேயே இல்லாத ஐ.எஸ். அமைப்புக்கு எதிராகச் சிரியாவிலும் அதே சொற்களே போதுமானவை ஆயின. செனட்டில் 98-க்கு 0. பிரதிநிதிகள் சபையில் 420-க்கு 1. அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. அதன்பின் வந்த மிரட்டல்களால் அவருக்குக் காவல் போட வேண்டியிருந்தது.

இப்போது செனட் ரத்து செய்ய வாக்களித்திருப்பவை 1991, 2002 அனுமதிகள் இரண்டும். 2001 அனுமதி அதில் இல்லை. கேள்வி கேட்டவருக்கு இங்கே நேராகப் பதில் சொல்கிறேன்: பழைய அனுமதி உறங்கிக் கிடப்பதாக நினைக்கக் கூடாது. 2020 ஜனவரியில் பாக்தாத்தில் ஈரானியத் தளபதி சுலைமானியைக் கொன்றபோது, சதாம் காலத்து 2002 அனுமதியையும் நிர்வாகம் காரணமாகக் காட்டியது. சாவியைப் பூட்டிலேயே விட்டுவைத்தால் அடுத்து வருபவர் திறப்பார்.

2023 ஏப்ரல் 18

"நம் நாட்டில் எப்படி?" இந்தியாவில் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று அரசியலமைப்பில் எங்கும் இல்லை. முப்படைகளின் தலைமை குடியரசுத் தலைவரிடம், முடிவு அமைச்சரவையிடம். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. உடனேயே அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும், அவர்களைவிட அதிகமான ஈழத்து மக்களும் இறந்தார்கள்.

என் பெரியப்பா மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து அங்கே போனவர். அவருடைய தகரப் பெட்டியில் அந்தப் பயண உத்தரவு இன்னும் இருக்கிறது. மடித்த இடம் கிழிந்து, செலோ டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துவிட்டது. எந்த ரயில், எந்த நேரம், என்னென்ன சாமான் என்பதெல்லாம் அதில் உண்டு. "எத்தனை நாளுன்னு மட்டும் போடல, பாரு" என்று ஒருமுறை காட்டினார். நான் அமெரிக்கச் சட்டத்தைச் சொன்னேன். அறுபது நாள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்றதும், "எழுதியாவது வச்சிருக்கானே" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

2023 ஏப்ரல் 20

முதல் குறிப்பில் சட்டம் நல்லது, அதிபர்களே கோளாறு என்று எழுதினேன். அதை மாற்றிக்கொள்கிறேன். அதிபர்கள் எல்லாக் காலத்திலும் இடம் கிடைத்த அளவுக்கு நீட்டுவார்கள். தன் இடத்தைத் தானே விட்டுக்கொடுத்தது காங்கிரஸ். 2002-இல் ஆம் என்று வாக்களித்தது 2008-இல் ஹிலாரி கிளிண்டனைத் துரத்தியதை எல்லோரும் பார்த்தார்கள். வாக்களித்தால் பெயர் பதிவாகும். வாக்களிக்காமல் கூச்சலிட்டால் பதிவாகாது. எந்தக் கட்சியும் இதில் விதிவிலக்கு இல்லை.

வாக்கெடுப்பு நடந்தால் முடிவு சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. டோங்கினும் 2002-உம் வாக்கெடுத்துச் செய்த தவறுகள். ஆனாலும் அங்கே யார் கை தூக்கினார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. கொரியாவுக்கு அது இல்லை. லிபியாவுக்கு இருப்பது இரண்டு 'இல்லை'கள். மோர்ஸையும் க்ரூயனிங்கையும் பற்றி நாம் இன்று பேச முடிவது அந்த ஏடு இருப்பதால்தான்.

உண்மையில் வேலை செய்தது பணத்தை நிறுத்தியதுதான்: 1973-இல் கம்போடியா, 1994 மார்ச் 31-ஐக் கெடுவாக வைத்துச் சோமாலியா. அனுமதி இல்லாத நடவடிக்கைக்கு 60 நாள் முடிந்ததும் பணம் தானாக நிற்க வேண்டும் என்று எழுதினால், தடுப்பாணைக் கணக்கு தலைகீழாகும். தொடர விரும்புபவர்தான் வாக்குத் திரட்ட வேண்டியிருக்கும். ஒவ்வோர் அனுமதியிலும் முடிவுத் தேதி இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யாமல் பழைய அனுமதிகளை மட்டும் துடைப்பது பாதி வேலை.

2023 ஏப்ரல் 28

நேற்று பிரதிநிதிகள் சபையில் சோமாலியாவிலிருந்து படையைத் திரும்ப அழைக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. அங்கே சில நூறு அமெரிக்க வீரர்கள் இருக்கிறார்கள். ஆதரவு 102, எதிர்ப்பு 321. சிரியாவிலிருந்து சுமார் 900 பேரைத் திரும்ப அழைக்கும் தீர்மானம் மார்ச் 8-இல் 103-க்கு 321 என்று தோற்றது. இரண்டிலும் இரு கட்சியினரும் கலந்தே ஆதரித்தார்கள். தோற்றாலும், 435 பேரில் யார் எங்கே நின்றார்கள் என்பது பெயர் பெயராக ஏட்டில் ஏறிவிட்டது.

செனட் அனுப்பிய ஈராக் ரத்து மசோதாவை இந்தச் சபை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் எண்ணிக்கையை இங்கே சேர்க்கிறேன்.